ஐந்து நிமிடம் முந்திய பாங்கு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் மாமியார் இதைச் சொன்னபோது சண்டைக்குப் போனேன். இப்போது நானே சொல்கிறேன். அந்த வாயால்தான், முகம்கூடப் பார்த்திராத ஒரு மனிதரை நூற்று நாற்பது பேருக்கு நடுவில் சிரிப்புக்கு ஆளாக்கினேன். அவர் சொன்னதுதான் சரி என்று எனக்குத் தெரியவந்தபோது பத்தொன்பது நோன்பு முடிந்திருந்தது.

என் பெயர் பக்ருன்னிசா. உக்கடம் குளத்துக்குப் பின்னால் இரண்டாவது மாடியில் ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். பள்ளிவாசல் சுவரில் ஐந்து வேளைத் தொழுகை நேரமும் சிவப்பு எழுத்தில் ஒளிருமே, அந்தக் கடிகாரம் செய்கிறோம். பள்ளி எந்த இடத்தில் இருக்கிறது என்று அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கொடுத்துவிட்டால் போதும், சூரியக் கணக்கை அதுவே தினமும் போட்டுக்கொள்ளும். நேரம் வந்ததும் பீப் அடிக்கும். மோதினார் எழுந்து பாங்கு சொல்வார். அடியில் ஒரு வரி ஓடிக்கொண்டே இருக்கும், 'செல்போனை அணைக்கவும்', 'வரிசையை நேராக்கவும்' என்று. அந்த வரியையும் நேரத்தையும் நாங்கள் இங்கே உட்கார்ந்துகொண்டே இன்டர்நெட்டில் மாற்ற முடியும். கோவை, பொள்ளாச்சி, உடுமலை என்று அறுபது பள்ளிகள் எங்கள் கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுந்து நிற்கின்றன. எனக்கு அதில் தலைக்கனம் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன்.

கணக்குப் போடும் புரோகிராம் லோகப்பிரியா எழுதியது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர் வீட்டுப் பெண். நெற்றியில் திருநீறோடு உட்கார்ந்துகொண்டு, "ஹனஃபி அஸருக்கு நிழல் ரெண்டு மடங்குங்க, ஷாஃபிக்கு ஒரு மடங்குங்க. உங்க பள்ளியில எதுங்க?" என்று பின்மதியத் தொழுகைக் கணக்கை அவள் ஃபோனில் கேட்டுவிட்டு, பெயரையும் சொல்லும்போது எதிர்முனையில் இருக்கும் பள்ளி நிர்வாகி முத்தவல்லிக்கு இருமல் வந்துவிடும்.

உவைஸ் என் தம்பி. அம்மா மவுத்தானபோது அவனுக்கு ஏழு வயது, எனக்குப் பதினெட்டு. தலைக்கு எண்ணெய் தேய்த்ததிலிருந்து பாஸ்போர்ட்டுக்கு அலைந்ததுவரை எல்லாம் நான்தான். வளைகுடாக் கரையில் ஒரு கம்பெனி கப்பல் துறை கட்டுகிறது. அங்கே ஒன்பது வருஷமாக இருக்கிறான், இப்போது ஃபோர்மேன். அவர்கள் தங்கியிருக்கும் கேம்புக்கு ஒரு பக்கம் கடல், மூன்று பக்கம் மணல். பக்கத்துப் பள்ளிவாசல் முப்பது கிலோமீட்டர் தள்ளி. பாங்குச் சத்தமெல்லாம் எட்டாது. போன வருஷம் கம்பெனி தகர ஷீட் அடித்து ஒரு தொழுகைக் கூடம் கட்டிக் கொடுத்தது. அதற்கு உவைஸ்தான் பொறுப்பு. நோன்புக்கு முன்னால், "அக்கா, நம்ம கடிகாரம் ஒண்ணு இங்க மாட்டணும்" என்றான். வெளிநாட்டுக்குப் போகும் எங்கள் முதல் கடிகாரம். பெட்டியின் மேல் 'கோயமுத்தூர்' என்று நானே மார்க்கரில் எழுதினேன்.

லொகேஷன் அனுப்பச் சொன்னேன், வாட்ஸப்பில் அனுப்பினான். அந்த எண்ணை லோகப்பிரியா அப்படியே ஏற்றினாள். நம்மூரில், சூரியன் இறங்கியதும் வரும் மக்ரிபுக்கு, எதற்கும் இருக்கட்டும் என்று பேணுதலாக இரண்டு மூன்று நிமிடம் கூட்டிப் போடுவது வழக்கம். அங்கே அப்படிக் கிடையாது என்று உவைஸ் சொன்னதால் அதையும் எடுத்துவிட்டோம்.

மூன்றாம் நோன்பன்று அவனிடமிருந்து ஃபோன்.

"அக்கா, இங்க சிக்கந்தர் பாய்னு ஒருத்தரு. பொள்ளாச்சிக்காரருதான், தேங்கா மண்டியில மூட்டை தூக்கிட்டு இருந்தவரு. பாங்கு சொன்னாலும் நோன்பு திறக்க மாட்டேங்கறாரு. பேரீச்சம்பழத்தைக் கையில வெச்சுட்டு வெளிய போயிர்றாரு. கேட்டா, கடல்ல சூரியன் இன்னும் முழுகலைங்கறாரு. மத்தவங்களுக்கும் சந்தேகம் வந்துரும்போல இருக்குது."

அன்று காலையிலிருந்து நான்கு பள்ளிகளிலிருந்து புகார். ஒரு கடிகாரத்தில் எண் எரியவில்லை, ஒன்றில் பீப் நிற்கவில்லை. நோன்பு வயிறு வேறு. அவன் சொன்னதை ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. ஃபோனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன்.

"ஏனுங்க பாய், சூரியன் எறங்குன பொறவும் கொஞ்ச நேரம் கடல் மேல தெரியத்தானுங்க செய்யும். காத்துல வெளிச்சம் வளைஞ்சு வரும். நீங்க பாக்கறது சூரியன் இல்லீங்க, அதோட நெழல். கம்ப்யூட்டருக்குத் தெரியாதது உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுபோச்சுங்களா? கண்ணைத்தான் நம்பறீங்கன்னா செவுத்துல கடிகாரம் எதுக்குங்க, நல்ல கண்ணாடியா ஒண்ணு வாங்கி மாட்டிக்குங்க!"

உவைஸ் அதைக் கூடத்தின் ஸ்பீக்கரில் போட்டான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அன்றிலிருந்து அவருக்குக் 'கண்ணாடி பாய்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவன் சொன்னபோது நானும் சிரித்தேன். சிக்கந்தர் பாய் யாரிடமும் எதிர்த்துப் பேசவில்லையாம். ஆனால் தினமும் பாங்கு சொன்னதும் பழத்தோடு எழுந்து வெளியே போய்விடுவாராம். அவர் திரும்பி வரும்போது கஞ்சி ஆறியிருக்குமாம்.

பத்தொன்பதாம் நோன்பு மாலை உவைஸ் ஒரு வீடியோ அனுப்பினான். நீள வரிசையாகப் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். சுவரில் என் கடிகாரம். பீப் அடிக்கிறது, பாங்கு கேட்கிறது, நூற்று நாற்பது கைகள் வாய்க்குப் போகின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. முழுவதும் பார்க்காமலேயே ஸ்டேட்டஸில் வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை லோகப்பிரியா பையைக்கூட இறக்கி வைக்காமல் என் மேஜைக்கு வந்தாள்.

"ஏனுங்க்கா, நேத்து வீடியோவைக் கடைசி வரைக்கும் பாத்தீங்களா?"

பெரிய திரையில் போட்டாள். கடைசியில் படம் எடுப்பவன், "வாங்க, கண்ணாடி பாய் என்ன பண்றாருன்னு பாக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே வாசலைத் தாண்டிப் போகிறான். வெளியே மெலிந்த ஒரு மனிதர் முதுகைக் காட்டி நிற்கிறார். அவருக்கு முன்னால் கடல். கடலுக்கு மேலே சூரியன் முழுசாக, வட்டமாக நிற்கிறது. அதற்கும் தண்ணீருக்கும் நடுவே இன்னொரு சூரியனை வைக்க இடம் இருந்தது.

"வெளிச்சம் வளையறது..." என்று ஆரம்பித்தேன்.

"அது நம்ம கணக்குல ஏற்கெனவே இருக்குதுங்க்கா. நீங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க." அவள் குரலில் கோபம் இல்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. "இது அஞ்சு நிமிசம் முந்தி அடிச்சிருக்குதுங்க."

உவைசைக் கூப்பிட்டேன்.

"லொகேஷனை எங்க உக்காந்துட்டுடா அனுப்புனே?"

"எப்ப?"

"கடிகாரத்துக்கு."

"ஹெட் ஆபீஸ்ல. விசா புதுப்பிக்கப் போயிருந்தேன். ஏன்க்கா? அதே கம்பெனிதான?"

ஹெட் ஆபீஸ் கேம்புக்குக் கிழக்கே நூற்றிருபத்தைந்து கிலோமீட்டர். அங்கே சூரியன் ஐந்து நிமிடம் முன்னால் இறங்கிவிடும். ஃபோன் தான் இருக்கும் இடத்தைத்தான் அனுப்பும், நீ நினைக்கும் இடத்தை அனுப்பாது. அவனுக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரியும், ஆனாலும் நான் கேட்கவில்லை. வரைபடத்தில் ஒருமுறை பார்த்திருந்தால் கடலே இல்லாத ஊர் என்று தெரிந்திருக்கும்.

மற்ற வேளைகளுக்குப் பாதகம் இல்லை. பாங்குக்கும் தொழுகைக்கும் நடுவே பத்து, பதினைந்து நிமிடம் இருக்கிறது, அதற்குள் நேரம் வந்துவிடும். மாட்டிக்கொண்டது நோன்புதான். பாங்கு கேட்ட அந்த நொடியில் வாயில் போடுகிறோமே, அதுதான்.

எங்கள் தெருப் பள்ளி இமாம் ஹஜ்ரத்துக்கு ஃபோன் செய்து, வேறு யாருக்கோ என்பதுபோலக் கேட்டேன்.

"தெரியாம முந்தித் திறந்தவங்க மேல குத்தம் இல்லைம்மா. ஆனா அந்த நோன்பு சேராது. ரமளான் முடிஞ்சு களா வெக்கணும்." பிறகு சொன்னார்: "அவங்களுக்குத் தெரியாதுங்கறது அவங்களுக்குத்தான் சாக்கு. தெரிஞ்ச ஆளுக்கு இல்லை. யாருக்குத் தெரியுமோ அவங்க சொல்லிப்போடணும்."

உவைசிடம் அதைச் சொன்னேன். அவன் அழுதுவிட்டான். முப்பத்தாறு வயது ஆள்.

"பத்தொம்பது நோம்புக்கா. கடல் பாலத்து மேல, கம்பி தூக்கிட்டு வெச்ச நோம்பு. அதெல்லாம் போச்சு, மறுபடியும் வையுங்கன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? நோம்பு முடிஞ்சா வெயில் வந்துரும். இங்க வெயில்னா நம்மூரு வெயில் இல்லை. நான் இவங்களோடதான் சாப்பிடணும், இவங்களோடதான் தூங்கணும். என்னைப் பாக்கற ஒவ்வொருத்தனும் அதையே நெனப்பான்."

"அப்ப என்ன பண்ணலாங்கறே?"

"நீ நேரத்தைச் சரி பண்ணிரு. இன்னிக்கு மக்ரிபோட கடைசிப் பத்து நாள் ஆரம்பிக்குது. கடைசிப் பத்துக்குப் பேணுதலா அஞ்சு நிமிசம் கூட்டியிருக்கோம்னு கீழ வரியில ஓட உட்டுரு. ஒருத்தனும் கேக்க மாட்டான். இனிமே வெக்கறதாவது ஒழுங்கா இருக்கட்டும். போனது தெரியாமப் போனதுதான?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவன் அழுத அழுகை, ஏழு வயதில் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனபோது என் துப்பட்டாவுக்குள் அழுத அதே அழுகை. என்னால் முடியவில்லை. லோகப்பிரியாவிடம், "தீர்க்கரேகையை மாத்திரு. கீழ இந்த வரியைப் போடு" என்றேன்.

அவள் வரியைப் படித்தாள். "இது நெசம் இல்லீங்களே அக்கா."

"போடுன்னா போடு. உனக்கென்ன வந்துச்சு? நோம்பு உன்னுதா?"

சொன்ன பிறகு உறைத்தது. அவள் தட்டி முடித்தாள். அன்று மதியம் அவள் எப்போதும்போல் பின்கட்டில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். நான் நோன்பிருக்கும் நாளில் என் எதிரில் டிபன் டப்பாவைத் திறக்கமாட்டாள். அதைப் பார்த்தும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

அன்று மாலை கடிகாரம் சரியான நேரத்துக்கு அடித்தது. ஒருத்தரும் கேட்கவில்லையாம். உவைஸ் ஒரு கும்பிடும் ஒரு இதயமும் அனுப்பினான். எனக்குத்தான் கஞ்சி இறங்கவில்லை.

இருபத்தொன்றாம் நோன்பு மாலை இன்னொரு வீடியோ வந்தது. 'அக்கா, இதைப் பாரு, பிரச்சினை தீர்ந்துருச்சு' என்று எழுதியிருந்தான். தொழுது முடித்து எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். சிக்கந்தர் பாய் எழுந்து நிற்கிறார். அவர் முகத்தை அப்போதுதான் பார்க்கிறேன். மூட்டை சுமந்து வலது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டு பேசினார்.

"எல்லாரும் என்னை மாப் பண்ணிப்போடுங்க. நீங்க அல்லாருமே நேரத்துக்கு முந்தித் தின்னுபோடறீங்கன்னு நான் மனசுக்குள்ள தப்பா நெனச்சுப்போட்டேனுங்க. அது கெட்ட நெனப்பு. இப்ப எனக்காவத்தான் கோயமுத்தூர்ல அந்தக்கா அஞ்சு நிமிசம் கூட்டிக் குடுத்திருக்காங்க. நேத்தும் இன்னிக்கும் நான் வெளிய போயிப் பாத்தேன். சூரியன் எறங்குச்சு, உள்ள பீப் அடிச்சுது. என் ஒருத்தனுக்காவ நீங்க அத்தனை பேரும் அஞ்சு நிமிசம் பசியோட உக்காந்திருக்கீங்க. பத்தொம்பது நாள் ஜமாஅத்தை உட்டுப்போட்டு நான் தனியா நின்னது என் திமிருங்க. படிக்காத ஆளு, கண்ணைத்தான் நம்பத் தெரியும். அந்தக்காவுக்கு நான் தெனமும் துஆ செய்யறனுங்க."

யாரோ அவரைக் கட்டிப் பிடித்தார்கள். "பரவால்லை உடுங்க, கண்ணாடி பாய்" என்று ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

நான் அந்தச் சிரிப்பை நான்கு தடவை பார்த்தேன். நூற்று நாற்பது பேரில் பத்தொன்பது நோன்பும் கையில் இருக்கிற ஒரே ஆள் அவர். அவர் மற்றவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறார், எனக்கு துஆ செய்கிறார். இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை.

மறுநாள், இருபத்திரண்டாம் நோன்பு. காலையிலேயே உவைசைக் கூப்பிட்டேன்.

"இன்னிக்கு மக்ரிபுக்கு முன்னால நீயே எழுந்து சொல்லிரு. என் மேல தூக்கிப் போடு. அக்காதான் தப்பாக் கணக்குப் போட்டுட்டான்னு சொல்லு."

"முடியாது."

"நீ சொல்லலைன்னா கடிகாரம் சொல்லும். ஆறு மணிக்கு வரியை ஓட உடறேன்."

"பிளக்கைப் புடுங்கிருவேன்" என்றான்.

"அது உன் இஷ்டம்."

"உனக்கு உன் தம்பியை விட அந்தாளு பெருசாப் போயிட்டாரு, இல்ல?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

அங்கே ஆறு மணி என்றால் இங்கே ஏழரை. நான் வீட்டில் நோன்பு திறந்துவிட்டுப் பட்டறைக்குத் திரும்பி வந்தேன். லோகப்பிரியா ஹாஸ்டலுக்குப் போகாமல் எனக்காக உட்கார்ந்திருந்தாள். "அன்னிக்கு அப்படிப் பேசுனதுக்கு..." என்று ஆரம்பித்தேன். "உடுங்க்கா, மொதல்ல வரியைச் சொல்லுங்க" என்றாள்.

அந்த வரியில் இருநூறு எழுத்துதான் கொள்ளும். நான் சொல்லச் சொல்லத் தட்டினாள்: 'முதல் பத்தொன்பது நாள் இந்தக் கடிகாரம் மக்ரிபை ஐந்து நிமிடம் முந்திக் காட்டியது. தவறு செய்தது கோயமுத்தூரில் நாங்கள். அந்த நோன்புகளைக் களா வையுங்கள். சிக்கந்தர் பாய் கண்டதே சரி.' பேணுதல் என்று போட்ட பொய்யைப் பற்றி அதில் எழுதவில்லை. அதைச் சொன்னால் உவைஸ் மாட்டிக்கொள்வான். இடம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மலையாளத்தில் அவள் எழுதினாள், உருதுவில் நான் எழுதினேன். மூன்றும் மாறி மாறி ஓடும்படி வைத்தோம்.

திரையின் மூலையில் அந்தக் கடிகாரத்துக்கு ஒரு பச்சைப் புள்ளி உண்டு. பிளக்கைப் பிடுங்கினால் சாம்பல் நிறமாகிவிடும். ஏழரையிலிருந்து அந்தப் புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிடுங்கிவிடமாட்டானா என்று ஒரு மனது நினைத்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பச்சை அப்படியே இருந்தது.

நம் நேரம் எட்டு ஒன்பதுக்கு அங்கே மக்ரிப். எட்டுப் பதினொன்றுக்கு உவைஸ் கூப்பிட்டான். லோகப்பிரியாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். பின்னால் கடல் சத்தம்.

"புடுங்கத்தான் போனேன். கை வரலை" என்றான். "பாங்கு சொல்லி ரெண்டு நிமிசம் ஆச்சுக்கா. ஒருத்தனும் பழத்தைத் தொடலை. அத்தனை பேரும் எந்திரிச்சு வெளிய வந்து கடலைப் பாத்துட்டு நிக்கறாங்க. வானம் பூராத் தூசி, ஒண்ணும் தெரியலை. உன் கடிகாரத்தை எவனும் நம்ப மாட்டேங்கறான். என்னையும்தான். சிக்கந்தர் பாய் சொன்னாத்தான் திறப்பாங்களாம்."

"அவரு என்ன சொல்றாரு?"

உவைஸ் ஃபோனைக் கையில் பிடித்தபடியே நடந்திருக்கவேண்டும்; மணலில் செருப்புச் சத்தம் கேட்டது. யாரோ, "பாய், சூரியன் எறங்கிருச்சுங்களா?" என்று கேட்டார்கள். இந்தியில் ஒருவர், மலையாளத்தில் ஒருவர், அதையே கேட்டார்கள். இந்த முறை யாரும் கண்ணாடி பாய் என்று சொல்லவில்லை.

பிறகு அவர் குரல் கேட்டது. வீடியோவில் கேட்ட அதே மெதுவான குரல்.

"தூசியில எனக்கும் தெரியலைங்க. கடிகாரத்தைப் பாத்துத் திறங்க. அது இப்பச் சரியாத்தான் சொல்லுது."

"அதை எப்படி பாய் நம்பறது?"

"அந்தக்காவை நம்பலாமுங்க. தப்புன்னு தெரிஞ்ச அன்னிக்கே சொல்லிப்போட்டாங்க பாருங்க. நேத்தே தெரிஞ்சிருந்தா நேத்தே சொல்லியிருப்பாங்க."

ஒருவர் பிஸ்மில்லாஹ் என்றார், அடுத்தவர் சொன்னார், அது கரை நெடுகப் பரவிப் போனது. என் சொல்லை நம்பி, ஐந்து நிமிடம் தாமதமாக, அவர்கள் நோன்பு திறந்தார்கள். உவைஸ் ஃபோனை வைத்துவிட்டான்.

தப்பு எனக்குத் தெரியவந்து அன்றோடு மூன்று நாள் ஆகியிருந்தது.

லோகப்பிரியா கீபோர்டை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.